கதவுக்குப் பதினைந்து

என் மாமி மகனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் மனம் இளகிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காடு. அப்பா, நாங்கள் அத்தா என்போம், ஷார்ஜாவில் இருந்தார். வீடு காலி செய்கிறவர்களின் சாமான்களைப் பெட்டி கட்டி ஏற்றி இறக்கும் கம்பெனியில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். இரண்டாயிரத்தில், நான் பெரம்பலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் சேரவிருந்த கோடையில், அவர் கொண்டுவந்த மூட்டையின் அடியில் ஒரு தட்டையான அட்டைப் பெட்டி இருந்தது. மேலே சிவப்பு நிறத்தில் ஒரு பறக்கும் பாம்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே கையில் வாளோடு ஒரு பெண் நின்றாள்.

"வெள்ளக்காரங்க ஊருக்குக் கிளம்புறப்ப குடுத்தாங்கம்மா. லூடோ மாதிரி ஏதோ ஒண்ணு. புள்ளைங்க பெருசாயிட்டாங்களாம். நீதான் இங்கிலீஷ் படிப்பியே, பாரு" என்றார் அத்தா.

லூடோ இல்லை. உள்ளே இரண்டு மெல்லிய புத்தகங்கள், கட்டம் போட்ட ஒரு வரைபடம், பிளாஸ்டிக் பாதத்தில் நிற்கும் சிறிய அட்டை உருவங்கள், ஒரு துணிப்பையில் பகடைகள். நான் அதுவரை பார்த்த பகடைக்கு ஆறு முகம்தான். இதில் நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம் என்று விதவிதமாக இருந்தன. இருபது முகம் கொண்ட நீலப் பகடை ஒன்று கிட்டத்தட்ட உருண்டையாகவே இருந்தது. இரண்டு புத்தகங்களில் ஒன்றின் அட்டையில், இதை முதலில் படி, தனியாகப் படி என்று போட்டிருந்தது.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். நீ ஒரு வாள்வீரன், ஒரு குகை வாசலில் நிற்கிறாய், உள்ளே போகிறாயா, திரும்புகிறாயா என்று கேட்டது. போவதென்றால் இந்தப் பத்தி, திரும்புவதென்றால் அந்தப் பத்தி. சண்டை வந்தால் பகடையை உருட்டச் சொன்னது. முதல் நாளில் மூன்று முறை செத்தேன். நாலாவது முறை உயிரோடு வெளியே வந்தபோது, ஒன்றும் தெரியாத என்னை அந்தப் புத்தகம் கையைப் பிடித்து விதிமுறை முழுவதையும் கற்றுக்கொடுத்திருந்தது. புதிதாக வருகிறவர்களுக்காகவே செய்த பெட்டி என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது புத்தகம் நாலைந்து பேர் சேர்ந்து ஆடுவதற்கு. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிவிட வேண்டும். கதை சொல்கிறவர், "எதிரே ஒரு காவலன் நிற்கிறான், என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். ஒருவர் சண்டை போடுவேன் என்பார், ஒருவர் ஒளிந்துகொள்வேன் என்பார். நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். ஜெயிப்பு தோற்பு கிடையாது, கதை நகரும், அவ்வளவுதான். கதை சொல்கிறவருக்கு உதவியாகச் சில வரிகளைச் சுற்றிக் கட்டம் கட்டியிருந்தார்கள். கட்டத்துக்குள் இருப்பதை அப்படியே உரக்கப் படித்துக் காட்டு, வெளியே இருப்பது உனக்கு மட்டும் என்பது அதற்கான விதி.

ஆடுவதற்கு ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கணவர் குவைத்தில். மதியச் சமையல் முடிந்தால் மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை அவருக்குப் பொழுது போகாது. அவருடைய நாத்தனார் ஒருத்தி, என் தங்கை, ஆக மூன்று பேர் தேறினார்கள். மூவருக்கும் இங்கிலீஷ் ஓடாது. ஒரு நீள நோட்டு எடுத்து விதிகளைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். வாள்வீரன், திருடன் எல்லாம் சுலபமாக வந்தன. மந்திரம் போடுகிறவனை அப்படியே எழுதினால் அம்மா அடுப்பில் போட்டுவிடுவார் என்று மூலிகை தெரிந்த கிழவர் ஆக்கினேன்.

கதையையும் மாற்றினேன். பெட்டியில் வந்த கதையில் பனி பெய்தது. எங்கள் யாருக்கும் பனியைத் தெரியாது. பள்ளியில் ரஞ்சன்குடி கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே தரைக்குக் கீழே போகும் படிகளைப் பார்த்தது நினைவிருந்தது. அந்தக் கோட்டைக்கு அடியில் நானே சுரங்கம் தோண்டினேன். சுரங்கத்தின் முடிவில் ஒரு பழைய கடல். எங்கள் பக்கத்துக் காடுகளில் கல்லாகிப் போன சங்கும் சிப்பியும் கிடக்கும். கோடி வருடத்துக்கு முன்னால் கடல் இருந்த இடம் என்று பள்ளியில் சொல்வார்கள். அந்தக் கடல் வற்றவேயில்லை, கீழே இறங்கிப் போய்விட்டது என்று எழுதினேன். எழுதிவிட்டு, இதை நானா எழுதினேன் என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா திருடன் பாத்திரத்தைத்தான் எடுத்தார். சுரங்கத்தின் முதல் காவலனைப் பார்த்ததும் நாத்தனார், "வெட்டுறேன்" என்றாள். அக்கா அவள் கையிலிருந்த பகடையைப் பிடுங்கிக்கொண்டார்.

"இருடி. அவன் சாப்பிட்டானான்னு மொதல்ல கேளு. எத்தன புள்ளைங்கன்னு கேளு."

எனக்கு விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. யோசித்து, அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்றேன். அக்கா பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். நீலப் பகடையை உருட்டினோம். பத்தொன்பது விழுந்தது. காவலன் அழுதுகொண்டே வழிவிட்டான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"பகட உருட்டுறது ஆகாதும்மா. சூதாட்டம் மாதிரி" என்றார்.

"எதையும் வெச்சு ஆடலம்மா. கதை சொல்றோம்."

அம்மா சிறிது நேரம் நின்று கேட்டார். காவலனின் பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மச்சான் வந்தது அதற்குப் பிறகுதான். மாமி என்றால் அத்தாவின் அக்கா, வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் மகன் பெரம்பலூருக்கு அப்பால் ஒரு என்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருடம், ஹாஸ்டல். எனக்கும் அவருக்கும் கல்யாணப் பேச்சு இருந்தது. நிச்சயம் என்று ஒன்றும் இல்லை, இரண்டு வீட்டிலும் எல்லாரும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் நினைத்தேன். அவருக்குக் குரல் நன்றாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாவது ஞாயிறு, "இந்தத் தடவ நான் படிக்கிறேன், குடு" என்று நோட்டை வாங்கி, கட்டம் கட்டிய வரிகளைப் படித்தார். நான் எழுதிய கடல் அவர் குரலில் இன்னும் பெரிதாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் ஏமாந்தேன்.

"ஹாஸ்டல்ல பசங்களுக்குக் காட்டிட்டு ஒரு வாரத்துல கொண்டாந்துடறேன். நோட்டு, பொட்டி ரெண்டும் குடேன்."

"பத்திரம் மச்சான். வேற காப்பி கெடையாது."

"என் உசுரு மாதிரி வெச்சுக்கறேன், போதுமா?"

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. கேட்டால் பசங்கள் விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். பக்கத்து வீட்டு அக்கா தினமும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "வந்துச்சா?" என்று கேட்டார். அட்டையை வெட்டி ஒட்டிப் பகடை செய்து பார்த்தேன். ஆறு முகத்துக்கு மேல் எனக்கு வரவில்லை.

என் வகுப்பில் குன்னத்திலிருந்து வரும் ஒருத்தி இருந்தாள். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். அவள் அண்ணனும் மச்சான் படித்த அதே காலேஜ். ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள்.

"எங்கண்ணன் காலேஜ்ல சீனியர் ஒருத்தரு சொந்தமா ஒரு கேம் கண்டுபிடிச்சிருக்காராம்ப்பா. ரஞ்சன்குடி கோட்டைக்கு அடியில கடலு இருக்காம். சிம்போசியத்துல அதுக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ். எங்கண்ணன் வூட்டுக்கு வந்தா அதேதான் பேச்சு."

"யாரு எழுதினதாம்?"

"அவருதான். உங்க ஊரு ஆளுதான்ப்பா. உனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவள் அண்ணனிடமிருந்து ஜெராக்ஸ் பிரதி கொண்டுவந்தாள். நாற்பது பக்கம், ஓரத்தில் நூல் கட்டியிருந்தது. என் கையெழுத்து. நான் 'ழ' எழுதினால் வால் அடுத்த வரியைத் தொடும். எல்லாப் பக்கத்திலும் அந்த வால் இருந்தது. முதல் பக்கத்தில் நான் என் பெயர் எழுதியிருந்த இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் அவர் பெயரை எழுதி ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். பிரதியைத் தோழியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதும்கூட அவரே வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று இருந்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

ரமலான் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் மாமி வந்தார். பின்னாலேயே மச்சான். மாமி உட்காரவில்லை.

"மூணு பேப்பர்ல அரியராம். ஹாஸ்டல்ல உக்காந்து பகட உருட்டுறான்னு வார்டன் கூப்புட்டு அனுப்பிச்சு எங்கிட்ட சொல்றாரு. எங்கேர்ந்து வந்துச்சு இந்தப் பழக்கம்னு கேட்டா, உன் மவ கத்துக் குடுத்தான்றான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன்.

"சொல்லுங்க மச்சான்" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவதாம்மா பொட்டியக் குடுத்தா. வேணாம்னுதான் சொன்னேன். நீங்க எடுத்துட்டுப் போங்கன்னா" என்றார்.

இதே வாய்தான் மேடையில் பரிசு வாங்கிக்கொண்டு, நானே எழுதினேன் என்று சொன்ன வாய். மாமி போன பிறகு அம்மா நான் செய்த அட்டைப் பகடைகளை எடுத்து அடுப்பில் போட்டார். "ஒரு வூட்டுக்குப் போகப் போற பொண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அழவில்லை. பாத்திரம் முழுவதையும் தேய்த்து வைத்தேன். அந்த ஆள் எல்லார் முன்னாலும் தலை குனிய வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று மட்டும் மனதில் ஓடியது. எப்படி என்று தெரியவில்லை.

வழியை அவரே கொண்டுவந்தார். நோன்பின் முதல் வாரத்தில் அம்மா ஒரு மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்த சமயம் பார்த்து வந்தார். வெட்கம் இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. வாசற்படியிலேயே நின்றார்.

"அன்னைக்கு அம்மா எதிர்ல வேற என்ன சொல்றது? கோச்சுக்காத. பசங்க அடுத்த பாகம் எப்பன்னு உசுர எடுக்குறானுங்க. எனக்கு எழுத வரல. நீ எழுதிக் குடேன். நமக்குள்ள என்ன?"

நமக்குள்ள என்ன என்ற அந்த வார்த்தையில்தான் எனக்குத் திட்டம் முழுவதும் வந்தது. மச்சானிடம் ஒரு குணம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் நோட்டைப் படிக்கமாட்டார். சோம்பேறித்தனம், ஆனால் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். முன்கூட்டியே படித்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடுமாம், பசங்களோடு சேர்ந்து தானும் புதிதாகப் பார்க்க வேண்டுமாம். கட்டம் கட்டியிருந்தால் அந்தக் குரலில் அப்படியே படித்துவிடுவார்.

"எப்ப வேணும் மச்சான்?"

"பெருநாளுக்கு நாலு பசங்கள பிரியாணிக்குக் கூப்புட்டிருக்கேன். அன்னைக்கு எங்க வூட்டு மாடியில வெச்சு ஆடிடலாம்னு."

"மாடி வேணாம், வெயிலு. கூடத்துலயே வெச்சுக்கங்க. பெருநாள் அன்னைக்குக் காலையில குடுத்துடறேன்" என்றேன்.

கூடத்துக்கும் பெண்கள் இருக்கும் உள் அறைக்கும் நடுவே ஒரு திரைதான் உண்டு.

நோன்பு வைத்துக்கொண்டு மதியம் முழுவதும் எழுதினேன். நோன்பில் புறம் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசவில்லை, எழுதினேன். அத்தனை நன்றாக அதற்கு முன்பும் பின்பும் நான் எழுதியதில்லை. கீழே இறங்கிய கடலில் தோணி விட்டேன். கல்லாகிப் போன மீன்களை நீந்த வைத்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஓர் ஓலை. ஓலையில் இருப்பதைக் கட்டம் கட்டி எழுதினேன். அந்தப் பக்கங்களை மட்டும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து, மேலே 'கதவு திறந்த பிறகே பிரிக்கவும்' என்று எழுதினேன்.

கதவைத் திறக்க ஆளுக்கு ஒருமுறை நீலப் பகடையை உருட்டலாம். பதினைந்தோ அதற்கு மேலோ விழ வேண்டும். நாலு பேருக்கும் விழாவிட்டால் கதவு திறக்காது, கதை அங்கேயே முடிந்துவிடும். ஐந்து என்று போட்டிருக்கலாம். பழிவாங்குகிறவள் அப்படித்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் தள்ளினதும் திறந்துகொள்கிற கதவை எழுத எனக்கு மனம் வரவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து அவர் வந்தபோது நோட்டைக் கொடுத்தேன். பின் அடித்திருந்ததைப் பார்த்து, "அட, சூப்பர்!" என்றார். பிரித்துப் பார்ப்பாரோ என்று ஒரு நொடி பயந்தேன். அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.

மாமி வீட்டுப் பிரியாணி முடிந்தது. கூடத்தில் பாய் விரித்து மச்சானும் நாலு நண்பர்களும் உட்கார்ந்தார்கள். மகன் பெருநாள் அன்று வீட்டிலேயே இருக்கிறான் என்பதில் மாமிக்குப் பகடைக் கோபம்கூட மறந்திருந்தது. உள் அறையில் மாமி, அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, நான். திரை வழியே எல்லாம் கேட்டது, இடுக்கில் கொஞ்சம் தெரிந்தது. மச்சான் படிக்கப் படிக்க மாமி வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எப்புடிப் படிக்கிறான் பாரு! அத்தனையும் அவனே எழுதுனதாம். பிரைஸ் குடுத்தாங்கல்ல" என்றார் அம்மாவிடம். பழி என்று வரும்போது என் பெயர், பரிசு என்று வரும்போது அவர் பெயர். ஒரே வீட்டில் இரண்டும் எப்படி நிற்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் கதவு வந்தது. முதல் ஆள் உருட்டினான். ஆறு. இரண்டாவது ஆள் பதினொன்று. மூன்றாவது பதினாலு விழுந்தபோது கூடத்தில் எல்லாரும் கத்தினார்கள். நான் என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டேன். ஒரே ஒரு எண். என் கையாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். நாலாவது ஆள் கண்ணாடி போட்டிருந்தவர். பகடையைக் கைக்குள் வெகுநேரம் குலுக்கினார். பாயைத் தாண்டித் தரையில் உருண்டு போகும் சத்தம் கேட்டது.

"பதினேழு!"

பின்னைப் பிரிக்கும் சத்தம். மச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். நான் திரையைப் பார்க்கவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டியைத் திறக்கிறீர்கள். உள்ளே பொன் இல்லை. ஓர் ஓலை இருக்கிறது. ஓலை சொல்கிறது: இவ்வளவு தூரம் வந்த வீரர்களே, இந்தக் கடலை உண்டாக்கியது யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவள் லெப்பைக்குடிக்காட்டில் இருக்கிறாள். நீங்கள் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பது அவளுடைய கையெழுத்து. இப்போது உங்களுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நான்..."

அங்கே குரல் நின்றது. கண் பார்த்ததை வாய் அவ்வளவு நேரம் கழித்துத்தான் உணர்ந்திருக்கிறது.

"என்னடா? படி" என்றான் ஒருவன்.

"இல்லடா, இது ஏதோ தப்பா..."

கண்ணாடிக்காரர் நோட்டை வாங்கிவிட்டார். கதையின் பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, மச்சான் மாதிரியே குரலை ஏற்றி மீதியைப் படித்தார்.

"நான் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. மேடையில் பரிசு கொடுத்தபோது, நானே எழுதினேன் என்றேன். என் தாய் அடித்துக் கேட்டபோது, அவள்தான் என்னைக் கெடுத்தாள் என்றேன். இரண்டு வாயும் எனக்கு உண்டு. பதினோரு வயதுவரை இரவில் பாயை நனைத்தேன். அதையும் தம்பிதான் செய்தான் என்று சொல்லித் தம்பிக்கு அடி வாங்கிக் கொடுத்தேன்."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு மூவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பாய் விஷயம் தேவையில்லை. அது மாமி எப்போதோ என் அம்மாவிடம் மனம் விட்டுச் சொன்னது. திருட்டுக்கும் பொய்க்கும் மேலேயுள்ள வரிகளே போதும். எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். வலிக்க வேண்டும் என்று எழுதினேன்.

மாமி எழுந்து நின்றார். வெற்றிலைத் தட்டு மடியிலிருந்து விழுந்தது. கோபமா அவமானமா என்று சொல்ல முடியாத முகம். என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கூடத்தில் மச்சான் செருப்புப் போடாமல் தெருவில் இறங்கிப் போனார். கண்ணாடிக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "இத எழுதினது யாருங்க?" என்று கேட்டார். அக்காதான் என்னைத் தள்ளிவிட்டு, "இந்தா, இவதாங்க" என்றார்.

"நல்லா இருந்துச்சுங்க. ஆனா கதவுக்குப் பதினஞ்சு ரொம்ப ஜாஸ்திங்க" என்றார் அவர்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். மாமி எங்கள் வீட்டு வாசல் மிதிப்பதை நிறுத்தினார். எனக்கும் மச்சானுக்கும் இருந்த கல்யாணப் பேச்சு ஒரு வார்த்தைகூட இல்லாமல் அழிந்தது. அம்மா என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசியதும், "என்னை நம்பி அவங்க சொன்னத எடுத்து நீ எழுதுனியே" என்றுதான்.

அத்தா போன் செய்தார். நடந்தது முழுவதையும் என் வாயால் கேட்டார். திருட்டைக் கேட்டபோது, "அப்படியா செஞ்சான்?" என்றார். சிரிக்கிறாரோ என்று தோன்றியது. கடைசியில் கேட்டார்.

"அந்தப் பாய் விஷயம் வேணுமாம்மா?"

"வேணும் அத்தா."

"சரி, ஒழுங்காப் படி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காலேஜில் அவருக்கு 'ஓலை' என்று பெயர் விழுந்தது. மிச்சமிருந்த ஒன்றரை வருடமும் அதே பெயர். சாப்பாட்டுக் கூடத்தில் அவர் தட்டோடு வந்தால் மேசை தட்டுவார்களாம், பரிசுச் சான்றிதழைத் துறையில் திருப்பிக் கேட்டார்களாம். குன்னத்துத் தோழியிடம் வாரம் தவறாமல், "வேற என்ன நடந்துச்சு?" என்று கேட்பேன். ஒரு வாரம் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். அவள் ஒருநாள், "போதும்ப்பா, பாவம்" என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது.

பெட்டி யார் மூலமோ திரும்பி வந்தது. வரைபடம் கிழிந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக வந்து உட்கார்ந்தார். புதிதாக ஒரு கதை எழுதிப் பார்த்தேன். அதில் வந்த திருடனுக்கும் காவலனுக்கும் ராஜாவுக்கும் ஒரே முகம். எல்லாருக்கும் நல்ல குரல், எல்லாரையும் சாகடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நாள் அக்கா பகடையைக் கீழே வைத்துவிட்டு, "முன்ன மாதிரி இல்லடி" என்றார். அடுத்த வருடம் அவர் கணவரோடு குவைத் போய்விட்டார். அதோடு ஆட்டம் நின்றது. மச்சான் என்னிடமிருந்து எடுத்ததில் இதையும் நான் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. அரியலூரில் குடித்தனம், ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. இரண்டாயிரத்து ஆறில் அரியலூரிலேயே ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் என் எதிரே வந்து நின்றார் மச்சான். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். தொப்பை விழுந்திருந்தது. தோளில் ஒரு பெண் குழந்தை.

"நல்லாருக்கியா?" என்றார். பிறகு அவரே, "அதெல்லாம் சின்ன வயசு. நான் செஞ்சது தப்புதான். இப்பவாச்சும் மன்னிச்சுட்டியா?" என்றார்.

"இல்ல மச்சான்" என்றேன்.

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்த என் கணவரைப் பார்த்தும் சிரித்தார்.

"இல்ல மச்சான். மன்னிக்கல" என்று இன்னொரு முறை, நிதானமாகச் சொன்னேன்.

சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது. குழந்தை தண்ணீர் கேட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, சோற்றுக்கு இன்னொரு கரண்டி தாளிச்சா கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டேன்.